சந்தாபுராவில் பசியாறிய படை

பெங்களூர் விமான நிலையத்து வாசலில் ஒரு ஹவில்தார், என் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே யாரையோ தேடிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். கொஞ்சம் நகர்ந்துக்கம்மா, வெளிநாட்டு ஆபீசர் வர்ற நேரம் என்றார். அந்த ஆபீசர் நான்தான் என்று சொன்னதும் அவர் அடித்த சல்யூட்டில், பக்கத்தில் பெட்டி தள்ளிக்கொண்டிருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் ஏழுமலை. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். மலேசியா கேப்டன் என்றால் வெள்ளையாக, உயரமாக இருப்பார்கள் என்று நினைத்துவிட்டாராம். நான் கறுப்பு. உயரமும் கம்மி. சுடிதார் வேறு போட்டிருந்தேன். அவர்மேல் தப்பே இல்லை.

ராணுவத்தில் தலைமை தாங்குவது எப்படி, ஒரு சண்டையைத் திட்டமிடுவது எப்படி என்று கேப்டன்களுக்கும் மேஜர்களுக்கும் சொல்லித்தரும் மூன்று வாரப் பயிற்சிக்காக வந்திருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் படைப்பிரிவிலிருந்து இப்படி வெளிநாடு போன முதல் பெண் நான். அனுப்புவதா வேண்டாமா என்று ஊரில் ஒரு சின்ன யுத்தமே நடந்தது. கடைசியில் எங்கள் தளபதி என்னைக் கூப்பிட்டு, நீ நல்ல பெயரோடு திரும்பினால் அடுத்த வருடம் ஃபரிடா போகலாம், இல்லையென்றால் பழையபடி ஆண்களைத்தான் அனுப்புவார்கள், இரண்டாவது தடவை மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு கிடையாது என்றார். லெப்டினன்ட் ஃபரிடா என் அறைத்தோழி. விமான நிலையம் வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். "அக்கா, சொதப்பித் தொலைக்காதே" என்பதுதான் அவள் சொன்ன வாழ்த்து. மலாயில் சொன்னதைத் தமிழாக்கியிருக்கிறேன். மலாயில் இன்னும் கொஞ்சம் காரமாகவே இருந்தது.

ஆக, நான் தனியாக வரவில்லை. ஃபரிடாவையும் சேர்த்தே சுமந்துகொண்டு வந்தேன்.

முதல் நாள் காலையில் குளிர் என்னைப் படுக்கையிலேயே கட்டிப்போட்டது. எங்கள் ஊரில் விடிந்ததும் வேர்க்க ஆரம்பித்துவிடும். இங்கே மரங்களுக்கு நடுவே பனி நின்றது. தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் இட்லி, கேசரி, முட்டை, வெள்ளைக்காரன் விட்டுப்போன ஓட்ஸ் கஞ்சி எல்லாம் வரிசையாக இருந்தன. சாம்பாரை வாயில் வைத்ததும் யாரோ தவறிப்போய் வெல்லத்தைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். தவறு இல்லை, இந்த ஊர்ப் பழக்கமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. நாலாம் நாள் நானே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

அந்த மெஸ்ஸில்தான் மேஜர் சவுகானைச் சந்தித்தேன். ராஜஸ்தான்காரர். ஆறடிக்கு மேல் உயரம், முறுக்கிய மீசை. நான் தட்டோடு தயங்கி நின்றதைப் பார்த்து, "வா. உட்கார். சாப்பிடு. வெக்கப்படாதே" என்றார், சுத்தமான தமிழில். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் தமிழ்ச் சிப்பாய்கள் நிறைந்த கம்பெனி ஒன்றை நடத்தியவர். அந்தச் சிப்பாய்களின் மொழியில் தேறினால்தான் அதிகாரி முழு அதிகாரியாவார் என்பது அங்கே வழக்கம். வாய்மொழித் தேர்வில் ஒரு முறை தோற்று, மறுமுறை தேறியிருக்கிறார். தமிழை அவர் கற்றதெல்லாம் மைதானத்தில் சிப்பாய்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான். ஆகவே உலகத்தில் எல்லோரிடமும், அங்கிருந்த தளபதியின் மனைவியிடம்கூட, அவர் நீ, வா, போ என்றுதான் பேசுவார். "அம்மா, நீ நில். நான் போறேன்" என்று அந்த அம்மாளுக்குக் கதவைத் திறந்துவிட்டதை நானே பார்த்தேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போனார்.

அன்று இரவு எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. என் அப்பா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டினார். அம்மா பால்மரம் வெட்டினாள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுப்பாள். எங்கள் தோட்டத்துத் துரைக்கும் தமிழ் தெரியும், ஆனால் திட்டுவதற்கு வேண்டிய அளவு மட்டும். பள்ளியில் நான் தமிழில் பேசினால், வீட்டு மொழியை வீட்டில் வைத்துக்கொள் என்பார்கள். இங்கே ஒரு ராஜபுத்திரர், தமிழ் வராவிட்டால் தன் ஆட்களை நடத்த முடியாது என்று பயந்து, சிப்பாய்களிடம் காது கொடுத்துக் கற்றிருக்கிறார். இதைக் கேட்க அப்பா பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

பெருமை மறுநாள் காலை வரைதான் தாங்கியது.

மறுநாள் மணல் மேசைப் பாடம். ஒரு கொட்டகைக்குள் தரையில் மணலைக் குவித்து மலையும் ஆறும் ஊரும் செய்துவைத்திருந்தார்கள். வயலுக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள், வீட்டுக்குத் தீப்பெட்டி. மேஜர் சவுகானையும் சேர்த்து நாங்கள் ஆறு அதிகாரிகள் ஒரு குழு. சுற்றி நின்றோம். பாடம் நடத்தியவர் ஒரு குடகுக்காரர், கர்னல். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். எதிரி இந்த மேட்டில், நீங்கள் இந்தக் கரையில், பாலம் உடைந்துவிட்டது, என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். யோசிக்கக் கொஞ்ச நேரம் விட்டார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் பேசவில்லை. எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் முதலில் மூத்த அதிகாரி பேசுவார். இளையவர், தன்னைக் கேட்டால் ஒழிய, வாய் திறக்கக்கூடாது. நான் அடக்கமாகக் காத்திருந்தேன். அமைதி நீண்டுகொண்டே போனது. இறந்துபோன வீரர்களுக்காக மௌன அஞ்சலி செய்கிறார்கள் போலிருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை என்று நினைத்தேன். மரியாதைக்குக் குறைவு வந்துவிடக்கூடாதே என்று கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேப்டன்," என்றது கர்னலின் மெல்லிய குரல். "கடவுள் என்ன திட்டம் சொன்னார்?"

கொட்டகையே சிரித்தது. மேஜர் சவுகான்தான் பிறகு விளக்கினார். அங்கே வழக்கம் தலைகீழ். ஆகக் கடைசிப் படியில் நிற்பவர்தான் முதலில் பேச வேண்டும். மேஜர் முதலில் பேசிவிட்டால் கேப்டனுடைய வாய் ஆமாம் சார் என்பதற்கு மட்டும்தான் திறக்கும், அதனால்தான் இந்த ஏற்பாடு. எங்கள் குழுவில் கடைசிப் படி நான். அத்தனை பேரும் எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள். நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பேசினேன். உளறினேன் என்று சொல்வதே சரி. நான் சரக்குப் பிரிவைச் சேர்ந்தவள். அரிசி, எண்ணெய், தோட்டா எந்த இடத்துக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. மேட்டைப் பிடிப்பது எப்படி என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. கர்னல் எதையும் திருத்தவில்லை. அடுத்தவர் என்றார். அன்று ஃபரிடாவுக்குப் போன் பண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கடமை இருந்தது. எங்கள் தோட்டத்து அண்டைவீட்டு அம்மா, லிங்கராஜபுரத்தில் இருக்கும் தன் சித்தி மகள் பிலோமினாவுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார். ஆட்டோக்காரர் நான் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு, நீங்க சிலோனா என்று கேட்டார். மலேசியா என்றேன். அப்படியானால் ஊரைச் சுற்றிக் காட்டுவது தன் கடமை என்று முடிவுசெய்துவிட்டார் போலிருக்கிறது. ஜீவனஹள்ளிச் சந்துகளில் சுற்றோ சுற்றென்று சுற்றி, ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டி, கடைசியில் ரயில்வே கேட் அருகே வண்டி நின்றே போனது. மீதித் தூரத்தை நடந்தேன். மூன்று பேரிடம் வழி கேட்டேன். ஒருவர் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார். ஒருவர் உருதுவில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். மூன்றாமவர் பேசவே இல்லை, கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

பிலோமினா அக்கா ஒரு தையல் நிலையத்தில் மேற்பார்வையாளர். மாதா படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, மாட்டிறைச்சி வறுவலும் ரசமும் போட்டார். நான் செய்யும் வேலையைக் கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆம்பளைங்க உன் பேச்ச கேக்கறாங்களா?" என்றார்.

சல்யூட் அடிக்கிறார்கள் என்றேன்.

"அது சட்டைல இருக்கற ஸ்டாருக்கு. நான் கேட்டது உன் பேச்ச."

தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் வறுவல் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது பேருந்தில் அந்தக் கேள்வியே குடைந்துகொண்டு வந்தது.

இரண்டாவது வாரம் வகுப்புகள் சூடுபிடித்தன. கர்னல் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. எதிரி முட்டாள் என்று நினைத்துப் போடும் திட்டம் முட்டாளின் திட்டம் என்பார். ஓர் இடத்தைப் பிடிப்பது பாதி வேலைகூட இல்லை, பிடித்தபின் அங்கே ராத்திரி முழுக்க நிற்பதுதான் வேலை என்பார். அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்று: ஊர் வண்டி கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதே. இடைவேளைகளில் சவுகானும் நானும் வாசலில் இருந்த கடையில் பை டூ காபி குடிப்போம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவது அந்த ஊர் வழக்கம். எங்கள் ஊர்க் குவளையைப் பார்த்தவர்களுக்கு அது மருந்து குடிப்பதுபோல இருக்கும். ஆனால் பாதி காபியில் அவர் சொல்லித்தந்த போர்க்கதைகள் முழுசாக இருந்தன. மணல் மேசைக்கு முன்னால் நானும் உளறாமல் பேசப் பழகினேன்.

கடைசிப் பயிற்சிக்கு வருவோம். அங்கே தினமும் ஒருவர் தலைவர். அன்றைக்கு அவர் சொல்வதுதான் சட்டம். மேஜராக இருந்தாலும் கேட்டாக வேண்டும். கடைசி நாள் என் முறை. ஆனேக்கல் பக்கத்தில் ஓர் ஏரி. காலையில் குறித்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்து, காலிப் பீப்பாய்களையும் பலகைகளையும் கயிற்றால் கட்டி மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு நடைபாலம் போட்டு, உச்சி வெயிலுக்குள் எல்லோரும் அக்கரை சேர வேண்டும். எங்கள் ஆறு பேரோடு ஏழுமலையும் அவருடைய சிப்பாய்களும். எல்லோரும், சாமான்களும், ஒரே ராணுவ லாரியில். இந்த ஒரு நாளை வைத்துத்தான் என்னைப் பற்றி ஊருக்கு எழுதப்போகிறார்கள் என்று கர்னல் முந்தின நாளே சொல்லிவிட்டார்.

விடியுமுன் கிளம்பினோம். ஓசூர்ச் சாலையில் கம்பி லாரிகளும் காய்கறி வண்டிகளும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. சந்தாபுராவில் கடைத்தெருவுக்கு நடுவே எங்கள் லாரி ஒரு முறை முனகியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நின்றுவிட்டது. அச்சு முறிந்துபோனது. மாற்று வண்டி பெங்களூரிலிருந்து வர மத்தியானம் ஆகிவிடும். ஊர் வண்டி எடுக்கக்கூடாது என்பது கர்னலின் சட்டம். மீதித் தூரம் வயலும் ஏரிக்கரையுமாக இருந்தது, சுமந்துகொண்டு போகலாம்.

சவுகான் உடனே சொன்னார்: இப்போதே தூக்கிக்கொண்டு நடந்தால் நேரத்துக்குப் போய்விடலாம். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தூக்கச் சொன்னேன். முதல் பீப்பாயைத் தூக்கிய சிப்பாய்களில் ஒருவனுக்குக் கால் தடுமாறி, பீப்பாய் சாலையில் உருண்டு ஒரு பூக்கடை வரை போனது. ஏழுமலை அவனை ஒரு முறை முறைத்தார். நான் ஏழுமலையிடம், ஆட்கள் எல்லாம் சரியாக இருக்கிறார்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். எல்லாம் ஓகே மேடம் என்பார். எந்த ஹவில்தாரும் அதைத்தான் சொல்வார்.

கடைசிப் படியில் நிற்பவர் முதலில் பேசும் வழக்கம் அதிகாரிகளுக்குள் மட்டும்தான். சிப்பாய்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நான் கேட்டேன். அவர்களில் ஆகக் கடைசி ஆள் யார் என்றேன். ஜீவனஹள்ளிக்காரன் தேவராஜ், படையில் சேர்ந்து ஒரு வருடம் ஆனவன், முன்னால் வந்து விறைப்பாக நின்றான். முதலில் நீ சொல், எப்படி இருக்கிறீர்கள் என்றேன்.

அவன் ஹவில்தாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சும்மா சொல்லக்கூடாது மேடம்," என்றான். "பசிக்குது. நேத்து ராத்திரி ஏழு மணிக்கு துன்னது. காலைல வெறும் டீ. நாஷ்டா ஏரிகிட்டன்னுட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. சரக்குப் பிரிவில் பத்து வருடம் சோறு அனுப்பியவள் நான். காலைச் சாப்பாட்டை ஏரிக்கரைக்கு அனுப்பிய திட்டத்தில் கையெழுத்துப் போட்டவளும் நான். லாரி ஓடும் என்ற நம்பிக்கையில் போட்ட திட்டம். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது பசியாறியாச்சா என்றுதான். அதற்குப் பின்தான் மற்றதெல்லாம். இவர்கள் இரும்புப் பீப்பாயைச் சுமந்து நடக்க வேண்டும், பிறகு தண்ணீரில் இறங்க வேண்டும்.

முதலில் சாப்பாடு, பிறகு நடை என்றேன்.

சவுகானுடைய மீசை ஆடியது. நேரம் போய்விடும், கர்னல் எதை மன்னித்தாலும் தாமதத்தை மன்னிக்க மாட்டார், நிஜச் சண்டையில் நமக்காக இன்னொரு படை காத்துக்கொண்டிருக்கும், பசி யாரையும் கொன்றதில்லை, தாமதம் கொன்றிருக்கிறது என்றார். அதில் ஒன்றுகூடத் தவறில்லை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஃபரிடாவின் முகம் கண்முன் வந்து நின்றது. ஊர் வண்டி கூடாது, ஊர் இட்லி மட்டும் கூடுமா என்றும் சவுகான் கேட்டார். கர்னல் வண்டியைத்தான் சொன்னார், இட்லியைச் சொல்லவில்லை என்றேன். அவர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கோபமான சல்யூட் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

எதிரில் தருமபுரிக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சீருடையில் ஒரு கூட்டம் உள்ளே நுழைவதைப் பார்த்து, அவர் வாடிக்கையாளர்களை வெளி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு இலை போட்டார். இட்லி, பூரி, தொட்டுக்கொள்ளக் காய்கறிச் சாகு. அதிகாரிகள் நாங்கள் பரிமாறினோம். ஆட்கள் சாப்பிட்ட பிறகுதான் அதிகாரி சாப்பிடுவது. எங்கள் முறை வந்தபோது இட்லிப் பானை காலி. அடுத்த ஈடு வேகக் காத்திருக்க எனக்கே மனம் வரவில்லை. ஆளுக்கு இரண்டு வாழைப்பழத்தோடு கிளம்பினோம். சவுகான் பழத்தை உரித்தபடி, ராஜஸ்தானியில் என்னைப் பற்றியோ பழத்தைப் பற்றியோ ஏதோ சொன்னார்.

நடையை மறக்க மாட்டேன். கழியில் கயிறு கட்டி, பீப்பாய்க்கு இரண்டு பேர். பலகைகள் தோளில். நானும் ஒரு பலகையின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டேன். பின்பக்கம் சவுகான். என் உயரத்துக்குப் பலகை சாய்ந்து அவர் நெற்றியில் இடித்தது. ஏரிக்கரை வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அந்த ஆறடி மனிதர் முழங்காலை மடக்கிக் குனிந்து குனிந்து நடந்து வந்துகொண்டிருந்தார். கோபம் குறையவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் பலகை சமமாக இருந்தது.

கரையில் முந்தின நாள் மழைச் சேறு. தூக்கு, மெல்ல, வலது பக்கம் பள்ளம், இறக்கு என்று நான்தான் கத்திக்கொண்டே போனேன். பாதி வழியில்தான் ஒன்று உறைத்தது. என் வாழ்நாளில் நான் கொடுத்த கட்டளைகள் எல்லாம் மலாயில் அல்லது ஆங்கிலத்தில். அன்றுதான் முதல் முறையாகத் தமிழில் கட்டளையிட்டேன், தமிழில் ஒரு படை கேட்டது. எங்கள் வீட்டில் சோறு போடவும் சண்டை போடவும் மட்டும் இருந்த மொழி, ஒரு வரிசை இரும்புப் பீப்பாய்களைச் சேற்றில் நகர்த்திக்கொண்டிருந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டேன். அதற்குள் இன்னொரு பள்ளம் வந்துவிட்டதால் கத்த வேண்டியதாயிற்று.

கர்னல் ஏரிக்கரையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். நாங்கள் தாமதம், நன்றாகவே தாமதம். ஆரம்பியுங்கள் என்று மட்டும் சொன்னார். சிப்பாய்கள் தண்ணீரில் இறங்கினார்கள். அவர்கள் அவ்வளவு வேகமாக முடிச்சுப் போட்டுத் தான் பார்த்ததில்லை என்று பிறகு ஏழுமலையே சொன்னார். இழந்த நேரத்தில் பாதியை மீட்டுவிட்டோம். மீதிப் பாதியை மீட்க முடியவில்லை. கடைசி ஆள் அக்கரையில் கால் வைத்தபோது கெடு தாண்டியிருந்தது. யாருக்கும் சிறு காயம்கூட இல்லை.

கர்னல் பாலத்தின் மேல் நடந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். தாமதத்துக்கு யார் காரணம் என்றார். நான்தான் என்றேன். நடந்ததைச் சொன்னேன். மேஜர் சவுகான் எதிர்த்தார், நான்தான் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். கர்னல் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொல்லிவிட்டு, நேரே தேவராஜிடம் போனார். அவரும் தமிழ்ப் படையை நடத்தியவர். நிதானமாக, தமிழிலேயே கேட்டார்.

"நாளைக்கு நெஜமாவே சண்டைன்னு வெச்சுக்கோ. இந்த மேடம் வான்னு கூப்பிட்டா போவியா?"

"போவேன் சார்."

வரிசையில் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். ஏழுமலையின் முறை வந்தது.

"என்ன உட்டுட்டு தேவராஜாண்ட கேட்டாங்க சார். எனக்குக் கோவந்தான்," என்றார். "ஆனா அவன் நெஜத்ததான் சொன்னான். நான்னா சொல்லியிருக்க மாட்டேன். போவேன் சார்."

பிறகு கேப்டன்கள். கடைசியில் மேஜர் சவுகான். அவர் கண்ணெல்லாம் வேர்வை, காலெல்லாம் சேறு, வயிற்றில் இரண்டு வாழைப்பழம்.

"அவ செஞ்சது தப்பு," என்றார் தன் தமிழில், கர்னலை நேராகப் பார்த்து. "காலைல சொன்னேன். இப்பவும் சொல்றேன். நாளைக்கும் சொல்வேன்." ஒரு மூச்சு விட்டார். "அவ போன்னு சொன்னா, போவேன்."

கர்னல் தலையசைத்தார். என் முன்னால் வந்து நின்று ஆங்கிலத்துக்கு மாறினார். நேரத்துக்குப் பூஜ்யம், அதை மாற்ற மாட்டேன், மேஜர் சொன்னது சரி என்றார். உங்கள் தளபதிக்கு எழுதும்போது அந்தப் பூஜ்யத்தை எழுதுவேன், இந்த வரிசை சொன்னதையும் எழுதுவேன் என்றார். அடுத்த வருடமும் ஒரு பெண் அதிகாரியை அனுப்பச் சொல்லிக் கேட்பேன், அவராவது நேரத்துக்கு வருவார் என்று நம்புகிறேன் என்றார். சல்யூட் அடித்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்சம் அழுதேன். சேறு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மாலை பெங்களூர் திரும்பியதும் காலைக்கூடக் கழுவாமல் ஐஎஸ்டி பூத்துக்குப் போனேன். சேறு படிந்த சீருடையைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பில் மணி ஒரு தடவை அடித்ததுமே எடுத்துவிட்டாள் ஃபரிடா. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். சொல்லு அக்கா என்றாள்.

நேரத்துக்குப் பூஜ்யம் வாங்கினேன் என்றேன்.

அந்தப் பக்கம் மலாயில் காரமாக ஒரு வார்த்தை விழுந்தது.

"பெட்டியைக் கட்டு" என்றேன்.